பிடுங்கத்தானே செய்தீர்கள்?

மகளின் கடைவாய்ப் பால் பல் ஒன்றை எடுத்து, அந்த இடத்தில் சின்னதாக ஒரு கம்பியும் பொருத்தி, எல்லாம் ஓரளவு அடங்கிய பிறகு உறவினர் ஒருவர் கேட்டார்: "கடைசியில பிடுங்கத்தானே செஞ்சீங்க? இதைத்தானே நாங்க முதல்லயே சொன்னோம், விழப்போற பல்தானேன்னு." அவர் குத்திக்காட்டக் கேட்கவில்லை. குழந்தை பட்ட அலைச்சலைப் பார்த்த வருத்தத்தில் கேட்டார். அவர் கணக்கில் தொடக்கமும் முடிவும் ஒன்றுதான். பல் கெட்டுப்போனது, பல்லைப் பிடுங்கியாயிற்று. நடுவில் நாங்கள் யோசித்தது, விசாரித்தது, எக்ஸ்ரே எடுத்தது எல்லாம் வீண். அன்று அவரிடம் இரண்டு வரியில் ஏதோ சொல்லி வைத்தேன். ஆனால் கேள்வி என்னை விடவில்லை. ஒரே பல்லை எடுப்பதாக இருந்தாலும், அவர் சொன்ன பிடுங்குதலும் நாங்கள் செய்ததும் ஒன்றல்ல என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. ஏன் ஒன்றல்ல என்பதைத்தான் இங்கே நிதானமாக எழுதிப் பார்க்கிறேன்.

அவளுக்கு அப்போது ஐந்து வயது. அந்த வயதுக் குழந்தை எந்தப் பல் வலிக்கிறது என்று விரல் வைத்துக் காட்டாது. இவள் காது வலிக்கிறது என்றாள். சாப்பாட்டை ஒரு பக்கமாகவே ஒதுக்கி மென்றாள். பல் துலக்கும்போது பிரஷ் இடது பக்கம் போனால் தலையைத் திருப்பிக்கொண்டாள். இரவில் எழுந்து அழுதாள். காலையில் கேட்டால் ஒன்றுமில்லை என்று விளையாடப் போய்விட்டாள். காதைப் பரிசோதித்த மருத்துவர் காது சுத்தமாக இருக்கிறது என்றார். கீழ்த்தாடைப் பற்களுக்குப் போகும் நரம்பும் காதருகே உணர்வு தரும் நரம்பும் ஒரே பெரிய நரம்பின் கிளைகள். அதனால் கீழ்க் கடைவாய்ப் பல்லின் வலியைக் காது வலி என்று பெரியவர்களே சொல்வதுண்டு. குழந்தை சொன்னதில் வியப்பில்லை.

பிறகு அந்த வலி நின்றுவிட்டது. தானாகவே. இரவில் நன்றாகத் தூங்கினாள். வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. அந்த நிம்மதியான நாட்களில்தான், பல் துலக்கிவிடும்போது, கடைசிப் பால் பல்லுக்குக் கீழே ஈறில் ஒரு சின்னப் பரு போல மஞ்சளாக ஏதோ இருப்பதைப் பார்த்தேன். தொட்டால் அவளுக்கு வலிக்கவில்லை. பல்லில் பெரிய ஓட்டையும் தெரியவில்லை. பக்கத்துப் பல்லோடு ஒட்டியிருக்கும் பக்கத்தில் மட்டும் ஒரு கருமை. "வலிக்குதாடா?" என்று கேட்டேன். "இல்லம்மா" என்றாள். கேட்டவர்கள் எல்லோரும் அந்த ஒரு பதிலைத்தான் பிடித்துக்கொண்டார்கள். குழந்தைக்கே வலிக்கவில்லை, நீ ஏன் நோண்டுகிறாய் என்று.

வலி நின்றதன் பொருள்

இந்த இடத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் எங்கள் வீட்டில் நடந்த எல்லா வாதமும் இந்த ஒரு விஷயத்தின் மேல்தான் நின்றது. பால் பல்லின் எனாமல், நிரந்தரப் பல்லின் எனாமலில் ஏறக்குறைய பாதித் தடிமன்தான். உள்ளே இருக்கும் நரம்பும் ரத்தக் குழாய்களும் சேர்ந்த கூழ், பல்லின் அளவோடு பார்த்தால் பெரியது. மேற்பரப்புக்கு மிக அருகில் இருப்பது. ஆகவே பெரியவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் ஊர்ந்து போகும் சொத்தை, குழந்தைக்குச் சில மாதங்களிலேயே நரம்பைத் தொட்டுவிடும். இரண்டு கடைவாய்ப் பற்கள் ஒட்டி நிற்கும் இடுக்கில் தொடங்கினால் வெளியே பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. பல் மேலே முழுசாக நிற்கும், உள்ளே காலியாகியிருக்கும்.

கிருமி கூழைத் தொட்டதும் அது வீங்கப் பார்க்கும். ஆனால் சுற்றிலும் கடினமான சுவர், வீங்க இடமில்லை. அந்த அழுத்தம்தான் இரவு வலி. படுத்தால் தலைக்கு ரத்தம் கூடுதலாகப் போவதால் வலியும் கூடும். இது சில நாட்களோ வாரங்களோ நடக்கும். பிறகு கூழ் செத்துப்போகிறது. நரம்பு செத்ததும் வலியைச் சொல்ல அங்கே ஆளில்லை. கிருமிகள் மட்டும் அங்கேயே தங்கிப் பெருகி, வேர் வழியாக எலும்புக்குள் இறங்குகின்றன. சீழ் சேர்கிறது. பெரியவர்களுக்கு இது பெரும்பாலும் வேரின் நுனியில் சேரும். பால் கடைவாய்ப் பற்களில் வேர்கள் பிரியும் கவட்டிலேயே சேர்ந்துவிடுவது வழக்கம், ஏனென்றால் அந்தப் பற்களின் அடித்தளம் மெல்லியது, நுண்ணிய துளைகள் கொண்டது. அங்கிருந்து சீழ் எலும்பைத் துளைத்து ஈறில் ஒரு வாசல் போட்டுக்கொள்கிறது. நான் பார்த்த பரு அந்த வாசல். வாசல் திறந்ததும் அழுத்தம் இறங்கிவிடும், மிச்சமிருந்த வலியும் போய்விடும்.

அப்படியானால் என் மகள் "வலிக்கல" என்று சொன்னது உண்மைதான். அந்த உண்மையை நாம் எப்படிப் படிக்கிறோம் என்பதில்தான் தவறு நடக்கிறது. வலித்தபோது அது சீக்கிரமே கவனிக்க வேண்டிய கட்டம். வலி நின்றபோது நோய் அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டது. குழந்தை அழுதால் ஓடுகிறோம், அழுகை நின்றால் சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொள்கிறோம். வேறு பல விஷயங்களில் இந்தக் கணக்கு சரியாகவே இருக்கும். பல்லில் இது தலைகீழ். இதை ஒவ்வொரு பெற்றோருக்கும் முதல் பல் முளைக்கும்போதே யாராவது சொல்லியிருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். சோப்பு, டயப்பர், தடுப்பூசி அட்டவணை எல்லாம் சொல்லித் தருகிறார்கள். ஈறில் ஒரு பரு தெரிந்தால், குழந்தை சிரித்துக்கொண்டிருந்தாலும் பல் மருத்துவரிடம் போங்கள் என்று எங்களுக்கு ஒருவரும் சொன்னதில்லை.

ஆன்டிபயாட்டிக் கேட்டவர்கள்

முதலில் பார்த்த மருத்துவர் ஆன்டிபயாட்டிக் சிரப் எழுதிக்கொடுத்தார். பரு அமுங்கிப்போனது. சிரப் முடிந்து கொஞ்ச நாளில் அதே இடத்தில் மறுபடி வந்தது. "இன்னொரு பாட்டில் கொடுத்தா போச்சு" என்றார்கள் வீட்டில். எனக்கும் அது எளிதாகத்தான் தெரிந்தது, குழந்தையை நாற்காலியில் உட்கார வைக்க வேண்டாமே. ஆனால் மருந்து ரத்தத்தின் வழியாகத்தான் போய்ச் சேரும். செத்துப்போன கூழுக்குள் ரத்த ஓட்டமே கிடையாது. சுற்றியிருக்கும் திசுவில் பரவிய கிருமிகளை அது அடக்கலாம். பல்லுக்குள் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தைத் தொடவே தொடாது. கொடுக்கும்வரை அடங்கும், நிறுத்தினால் திரும்ப வரும். அதனால்தான் சீழ் ஓர் இடத்தில் மட்டும் அடங்கியிருந்து, காய்ச்சல் இல்லாமல், முக வீக்கம் இல்லாமல் இருக்கும்போது ஆன்டிபயாட்டிக் தேவையில்லை, பல்லுக்குத்தான் வைத்தியம் செய்ய வேண்டும் என்று குழந்தைப் பல் மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. பல்லைத் திறந்து சீழை வடிப்பது, அல்லது பல்லையே எடுப்பது. மூன்றாவது வழி இல்லை.

ஆன்டிபயாட்டிக் கட்டாயம் தேவைப்படும் நிலைகளும் உண்டு. அவை காத்திருக்கும் நிலைகள் அல்ல. கன்னம் வீங்கி, தோல் சிவந்து சூடாக இருந்தால், காய்ச்சலும் சோர்வும் சேர்ந்தால், அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். வீக்கம் கண்ணை நோக்கி ஏறிக் கண் மூடத் தொடங்கினாலோ, தாடைக்குக் கீழே கழுத்தில் இறங்கினாலோ, நாக்குக்குக் கீழே வாயின் தளம் மேலே தூக்கினாலோ, வாயைத் திறக்க முடியாவிட்டாலோ, எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வழியவிட்டாலோ, மூச்சுவிடச் சிரமப்பட்டாலோ, பல் மருத்துவரின் முன்பதிவுக்குக் காத்திருக்கக் கூடாது. நேராக மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குத்தான் போக வேண்டும். தாடைக்கு அடியில் இரு பக்கமும் பரவும் தொற்று மூச்சுக்குழாயையே அடைத்துவிடக்கூடும். 1836-ல் அதை விவரித்த ஜெர்மன் மருத்துவர் லுட்விக்கின் பெயரால்தான் இன்றும் அதை அழைக்கிறார்கள்.

ஒரு பல்லுக்கா இவ்வளவு என்று நினைப்பவர்களிடம் நான் 2007-ல் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் நடந்ததைச் சொல்வேன். 12 வயதுச் சிறுவன். சீழ் பிடித்த பல்லிலிருந்து கிருமிகள் மூளைக்குப் பரவின. அவன் முதலில் சொன்னது தலைவலி என்றுதான். மூளையில் இரண்டு முறை அறுவை சிகிச்சை செய்தும் காப்பாற்ற முடியவில்லை. காலத்தில் அந்தப் பல்லை எடுத்திருந்தால் அவன் பிழைத்திருக்கக்கூடும். இப்படி முடிவது மிக அரிது. எல்லாப் பெற்றோரையும் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. ஆனால் அவனும் வலி இருந்த இடத்தைச் சரியாகக் காட்டவில்லை என்பது என் மனதை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது.

வலி இருந்த அந்த முதல் நாட்களில் என்ன கொடுக்கலாம் என்று பலர் கேட்கிறார்கள், அதனால் சுருக்கமாக. பாராசிட்டமாலை வயதைப் பார்த்து அல்ல, எடையைப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும்: ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், இடைவெளி குறைந்தது 4 மணி நேரம், ஒரு நாளில் நான்கு வேளைக்கு மேல் வேண்டாம். சிரப்புக்குச் சிரப்பு செறிவு மாறும், ஆகவே மில்லிலிட்டர் கணக்கை லேபிளைப் பார்த்து அல்லது மருந்தாளரிடம் கேட்டுத்தான் போட வேண்டும். ஆஸ்பிரின் குழந்தைகளுக்குக் கூடவே கூடாது; கல்லீரலையும் மூளையையும் தாக்கும் ரே நோய்க்குறி வரக்கூடும். கிராம்பு எண்ணெயைப் பஞ்சில் நனைத்து வைக்கச் சொல்வார்கள். குழந்தை அதை விழுங்கினால் நஞ்சு, ஈறில் பட்டால் புண். ஈறில் தடவும் பென்சோகெய்ன் ஜெல்லை 2 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-ல் எச்சரித்திருக்கிறது, அது ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனைக் குறைத்துவிடும் என்பதால். பருவை ஊசியால் குத்தவோ அழுத்திப் பிதுக்கவோ வேண்டாம். கன்னத்தின் மேல் சூட்டு ஒத்தடமும் வேண்டாம்.

எக்ஸ்ரேயில் இருந்த இன்னொரு பல்

மறுபடி பரு வந்ததும் குழந்தைகளுக்கான பல் மருத்துவரைத் தேடிப் போனோம். போகும்போது எனக்குள் ஒரு தீர்மானம் இருந்தது. விழப்போகிற பல் என்று அலட்சியமாகப் பிடுங்க விடமாட்டேன். பால் பல்லுக்கும் வேர் சிகிச்சை உண்டு என்று படித்திருந்தேன். உள்ளே இருப்பதைச் சுத்தம் செய்து, பெரியவர்களுக்கு வைப்பது போலக் கரையாத பொருளை வைக்காமல், வேரோடு சேர்ந்து தானும் கரைந்துபோகும் பசையை நிரப்பி, மேலே ஸ்டீல் கேப் மாட்டுவார்கள். அதைத்தான் கேட்க வேண்டும் என்று போயிருந்தேன்.

அவர் சின்ன எக்ஸ்ரே ஒன்றை எடுத்து, திரையில் பெரிதாக்கிக் காட்டினார். நான் சொத்தையைத் தேடினேன். அவர் பேனா நுனியால் அதற்குக் கீழே காட்டினார். பால் பல்லின் இரண்டு வேர்களும் கவட்டை போல விரிந்திருந்தன. அந்த இரண்டுக்கும் நடுவே, எலும்புக்குள், இன்னொரு பல் இருந்தது. பல் என்று முழுதாகச் சொல்ல முடியாது; ஒரு பல்லின் தலை மட்டும், இன்னும் வேர் வராதது, கிண்ணத்தைக் கவிழ்த்தது போல வெள்ளையாக. "இதுதான் இவளுக்கு 11, 12 வயசுல வரப்போற பல். இப்போ உருவாகிட்டு இருக்கு" என்றார். பிறகு பேனாவைக் கொஞ்சம் மேலே நகர்த்தினார். பால் பல்லின் கவட்டுக்கும் அந்தப் பிஞ்சுப் பல்லுக்கும் இடையே வெள்ளையாக எலும்பு தெரிய வேண்டிய இடத்தில் கருப்பாக ஒரு நிழல். எலும்பு அரிக்கப்பட்ட இடம். சீழ் இருக்கும் இடம். அந்த நிழலின் கீழ்விளிம்பு பிஞ்சுப் பல்லின் உறையைத் தொடும் அளவுக்கு வந்திருந்தது.

அந்த வயதில் அந்தப் பல் எனாமல் கட்டிக்கொண்டிருக்கும் வேலையில் இருக்கிறது. அந்த வேலையைச் செய்யும் செல்கள் ஒரு முறைதான் செய்யும். கட்டி முடித்ததும் அவை மறைந்துவிடும். பிறகு உடலால் எனாமலைத் திரும்ப உண்டாக்க முடியாது. நடுவில் சீழ் வந்து தொந்தரவு செய்தால் அந்த இடத்தில் எனாமல் மெலிந்தோ, குழிகுழியாகவோ, வெள்ளை அல்லது பழுப்புத் திட்டாகவோ நின்றுவிடும். அப்படிப் பாதித்து முளைக்கும் பல்லுக்கு டர்னர் பல் என்று பெயர். வாய்க்குள் வரும்போதே பலவீனமாக வரும், சொத்தையும் எளிதில் பிடிக்கும். ஐந்து வயதில் கவனிக்காமல் விட்ட ஒரு பருவுக்கான விலையைப் பன்னிரண்டு வயதில் வேறொரு பல் கொடுக்கும். அந்தப் பருவை அதற்குள் எல்லோரும் மறந்திருப்பார்கள்.

நான் மெதுவாக, "வேர் சிகிச்சை செய்து காப்பாற்ற முடியாதா?" என்று கேட்டேன். அவர் மறுக்கவில்லை. தொற்று பல்லுக்குள்ளேயே இருந்து, வேர்கள் முழுசாக இருந்து, கவட்டு எலும்பு இவ்வளவு கரையாமல் இருந்திருந்தால் அதைத்தான் முதலில் செய்வேன் என்றார். இவளுக்கு ஒரு வேர் உள்ளிருந்தே அரிக்கத் தொடங்கியிருந்தது. அடித்தளத்தில் துளை விழுந்திருக்க வேண்டும். இந்த நிலையில் சுத்தம் செய்து மூடினாலும் கீழே சீழ் தொடர வாய்ப்பு அதிகம். அது தொடரும் ஒவ்வொரு மாதமும் பிஞ்சுப் பல்லின் கணக்கில்தான் எழுதப்படும். "எந்தப் பல்லைக் காப்பாத்தணும்னு பார்க்கணும்ங்க" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் நான் கொண்டுபோன தீர்மானம் திசை மாறியது. பால் பல்லை மதிப்பது என்றால் அதை எப்பாடுபட்டாவது வாயில் வைத்திருப்பது என்று அதுவரை நினைத்திருந்தேன். அந்தப் பல்லுக்கு ஒரு வேலை இருக்கிறது. மெல்லுவது ஒன்று, கீழே வருபவனுக்கு இடம் பிடித்து வைப்பது இன்னொன்று. இப்போது அது தான் காக்க வேண்டியதையே கெடுத்துக்கொண்டிருந்தது.

ஆனால் பேச்சு அங்கே முடியவில்லை. பிடுங்குவதைவிடப் பெரிய கேள்வி அதற்குப் பிறகுதான் இருந்தது. எக்ஸ்ரேயின் ஓரத்தில், கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால், ஈறுக்குள் ஒரு பெரிய பல் முளைக்கத் தயாராக நின்றது. ஆறு வயதில் வரும் முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல். பால் பல் எதுவும் விழாமலே பின்னால் புதிதாக முளைப்பதால் அதையும் பால் பல் என்று பல வீடுகளில் நினைத்துவிடுகிறார்கள். அது வெளியே வரும்போது கடைசிப் பால் பல்லின் பின்பக்கத்தைச் சுவர் பிடித்து வருவது போல உரசிக்கொண்டே வந்து, சரியான இடத்தில் உட்காரும். அந்தச் சுவரை எடுத்துவிட்டால் அது முன்னால் சாய்ந்து, காலியிடத்துக்குள் நகர்ந்துவிடும். அப்புறம் 11 வயதில் கீழிருந்து வரும் பல்லுக்கு இடம் இருக்காது. அது பக்கவாட்டில் பிதுங்கும், அல்லது வராமலே எலும்புக்குள் மாட்டிக்கொள்ளும். ஆகவே பல்லை எடுத்தால், அந்தச் சுவரின் வேலையைச் செய்ய ஒரு ஸ்பேஸ் மெயின்டெய்னர் வைத்தே ஆக வேண்டும் என்றார். முன்னால் இருக்கும் பால் பல்லில் வளையம் மாட்டி, அதிலிருந்து பின்னால் ஒரு கம்பி நீட்டி, அதன் முனையில் ஒரு சின்னத் தகடு ஈறுக்குள் இறங்கி, வரப்போகும் பல்லுக்கு வழிகாட்டும். பெரிய பல் வெளியே வந்ததும் இதை எடுத்துவிட்டு வேறு வகை மாட்டுவார்கள். சில இதய நோய்கள் உள்ள குழந்தைகளுக்கு ஈறுக்குள் இறங்கும் இந்த வகையை வைக்க மாட்டார்கள். அதனால் பிறந்ததிலிருந்து உள்ள உடல்நல விவரங்களை எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார்.

என் உறவினரின் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது என்று இப்போது தெரிகிறது. "விழப்போற பல்தானே" என்று பிடுங்குபவர் பல்லை எடுத்ததோடு வீட்டுக்குப் போய்விடுவார். அவருக்கு அங்கே ஒரு பல்தான் இருக்கிறது. அது போனால் கதை முடிந்தது. அந்தக் கடைசிப் பால் பல் இயல்பாக விழ வேண்டியது 10 முதல் 12 வயதுக்குள். ஐந்து வயதில் எடுத்தால் ஐந்தாறு ஆண்டு வெற்றிடம். குழந்தைப் பருவத்தில் ஐந்தாறு ஆண்டு என்பது அவள் அதுவரை வாழ்ந்த காலத்துக்குச் சமம். அந்தக் காலம் முழுக்க அந்த இடத்தை யார் பார்த்துக்கொள்வது என்று கேட்காமல் பிடுங்குவதும், கேட்டு ஏற்பாடு செய்துவிட்டுப் பிடுங்குவதும் எப்படி ஒன்றாகும்?

நாற்காலியில்

ஊசி பற்றி அவளிடம் என்ன சொல்வது என்று வீட்டில் பெரிய விவாதம். "வலிக்கவே வலிக்காதுன்னு சொல்லி கூட்டிட்டுப் போ" என்பதுதான் பெரும்பான்மைக் கருத்து. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வலிக்காது என்று சொன்ன பிறகு கொஞ்சம் வலித்தால், அவள் நம்புவதை நிறுத்துவது மருத்துவரை மட்டும் அல்ல. "முதலில் எறும்பு கடிச்ச மாதிரி சுருக்குன்னு இருக்கும், அப்புறம் வாய் தூங்கிடும். பல்லை எடுக்கும்போது யாரோ பிடிச்சுத் தள்ளுற மாதிரி இருக்கும்" என்று சொன்னேன். மருத்துவரும் அதே வழியில்தான் போனார். ஒவ்வொரு பொருளையும் முதலில் பெயர் சொல்லி, பிறகு அவள் விரல் நகத்தில் வைத்துக் காட்டி, பிறகுதான் வாயில் வைத்தார். குழந்தைப் பல் மருத்துவத்தில் 1959 முதல் பேசப்படும் முறை இது: சொல், காட்டு, செய்.

எனக்கு மிகப் பிடித்தது இன்னொன்று. "வலிச்சா இடது கையைத் தூக்கு, நான் நிறுத்திடுவேன்" என்றார். குழந்தை சோதித்துப் பார்த்தாள். வலிக்காமலே கையைத் தூக்கினாள். அவர் உடனே நிறுத்தினார். மறுபடி தூக்கினாள், மறுபடி நிறுத்தினார். அதற்குப் பிறகு அவள் தோள்கள் தளர்ந்ததை நான் பார்த்தேன். நடுவில் ஒரு முறை உண்மையாகவே தூக்கினாள். சீழ் இருக்கும் இடத்தில் திசு அமிலத்தன்மை கொண்டிருக்கும், மரத்துப்போகும் மருந்து அங்கே சரியாக வேலை செய்யாது என்று முன்பே சொல்லியிருந்தார். அவர் நிறுத்தி, இன்னும் கொஞ்சம் மருந்து ஏற்றி, காத்திருந்தார். மாதக்கணக்கில் காதைப் பிடித்தும், பிரஷைத் தள்ளியும், ஒரு பக்கமாக மென்றும் சொல்லிக்கொண்டிருந்த பிள்ளைக்கு, கையைத் தூக்கினால் ஒருவர் நின்று கேட்பார் என்பது அன்று கிடைத்தது. எல்லாக் குழந்தைகளாலும் இப்படி உட்கார முடியாது. மிகச் சிறியவர்களுக்கும், பல பற்கள் ஒரே நேரத்தில் கெட்டவர்களுக்கும், பயம் உறைந்துபோனவர்களுக்கும் சிரிப்பு வாயுவோ முழு மயக்கமோ தேவைப்படும். அதில் குறைவேதும் இல்லை. நான்கு பேர் பிடித்து அமுக்கிப் பிடுங்குவதைவிட அது எவ்வளவோ மேல்.

அன்று மாலை கவனிக்க வேண்டியிருந்தது வலியை அல்ல, உதட்டை. மரத்துப்போன உதட்டைக் குழந்தைகள் விளையாட்டாகக் கடித்து, உணர்வு திரும்பும்போது பெரிய புண்ணாக்கிக்கொள்வார்கள். அதனால் இரண்டு மூன்று மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தோம். எடுத்த இடத்தில் கட்டியிருக்கும் ரத்தக் கட்டி கலையாமல் இருக்க அன்று முழுக்க வேகமாகக் கொப்பளிக்கவோ உறிஞ்சுகுழாயில் குடிக்கவோ விடவில்லை. சில நாட்களில் ஈறு மூடியது. பரு இருந்த இடம் தானாக ஆறிவிட்டது. அந்தப் பக்கம் பிரஷ் போனால் அவள் தலையைத் திருப்புவதும் நின்றது. எவ்வளவு காலமாக அவளுக்கு அது தொந்தரவாக இருந்திருக்கிறது என்பது அப்போதுதான் எங்களுக்கே முழுசாகப் புரிந்தது. உணவை இரண்டு பக்கமும் மென்றாள். கொஞ்சம் எடைகூடப் போட்டாள்.

இப்போது அவளுக்கு ஏழு வயது. பின்னால் நின்ற பெரிய பல் நேராக வந்துவிட்டது, சாயவில்லை. பழைய தகட்டை எடுத்துவிட்டு அந்தப் பல்லில் வளையம் மாட்டி முன்பக்கம் கம்பி வைத்திருக்கிறார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை கம்பி ஆடுகிறதா என்று பார்க்கிறார்கள், தேவைப்பட்டால் எக்ஸ்ரேயில் கீழே இருக்கும் பல்லையும் பார்க்கிறார்கள். கம்பிக்கு அடியில் உணவு மாட்டும், அதனால் இரவுத் துலக்கலை நானே செய்துவிடுகிறேன். பட்டாணி அளவு ஃப்ளூரைடு பேஸ்ட். முடித்ததும் துப்பினால் போதும், தண்ணீரில் கொப்பளித்துக் கழுவிவிட வேண்டியதில்லை. ஒட்டி நிற்கும் பற்களின் இடுக்கில் நூல் போடுகிறோம், சொத்தை தொடங்கியது அந்த மாதிரி இடுக்கில்தானே. அவள் தம்பிக்கு முதல் பல் வந்ததிலிருந்து அரிசி மணி அளவு பேஸ்டில் துலக்குகிறோம். முதல் பிறந்தநாளுக்கு முன்பே அவனையும் அதே மருத்துவரிடம் காட்டியாயிற்று. வாரம் ஒரு முறை இருவருக்கும் உதட்டை விலக்கி, டார்ச் அடித்து, ஈறு முழுவதையும் பார்க்கிறேன். வலிக்கிறதா என்று கேட்பதும் உண்டு. வலிக்கவில்லை என்று சொன்னாலும் பார்த்துவிட்டுத்தான் விடுவேன்.